கறி மிளகாய் ஏன் இப்படி உறைக்கிறது? பக்கத்தில் நிற்கும் கொச்சிக்காயாலா?

கல்லடி வளவு:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு மட்டக்களப்புக் கல்லடியில் கடற்கரைப் பக்கம், வளவு முழுக்க மணல். தை பிறந்து மழை ஓய்ந்த கையோடு உறைப்புக் குறைந்த கறி மிளகாயும், கொச்சிக்காய் என்று நாங்கள் சொல்லும் உறைப்பான பச்சை மிளகாயும் வைத்தேன், கொஞ்சம் நிலத்தில், கொஞ்சம் உரப்பையில். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளிதான், இருக்கிற இடம் அவ்வளவுதான். இப்போது சித்திரை, இரண்டும் காய்க்கிறது, ஆனால் கறி மிளகாயை வாயில் வைக்க முடியவில்லை. மாசிக் கருவாடும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்துப் பொரித்து சின்னவனுக்குக் கொடுத்தேன், ஒரு கடியோடு வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். கடையில் வாங்கும் கறி மிளகாய் என்றால் சோற்றை விட்டுவிட்டு அதைத்தான் சாப்பிடுவான்.

மாமி சொல்கிறா, கொச்சிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தால் உறைப்பு இதற்கும் ஏறும், ஒன்றைப் பிடுங்கி எறி என்று. உண்மையா? இவ்வளவு நாள் தண்ணீர் ஊற்றி வளர்த்ததைப் பிடுங்க மனம் வருகுதில்லை.

செடிகளில் பாதி, அக்கரைப்பற்றில் இருக்கும் அக்கா போன வருடம் தன் வளவில் பழுக்கவிட்டு எடுத்துத் தந்த விதை. மீதி சந்தையில் வாங்கிய நாற்று. இன்னொன்றும் கேட்க வேண்டும்: சில செடியில் குருத்து இலை சுருண்டுபோய் இருக்கிறது, பூவும் வைத்த வேகத்தில் கொட்டுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சித்தாண்டித் தோட்டம்:

பிடுங்காதீர்கள் தங்கச்சி. முதலில் தண்ணீரைப் பாருங்கள்.

எங்கள் பக்கம் வண்டல் மண், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இறைத்தாலும் தாங்கும். உங்கள் கல்லடி மணல் அப்படி இல்லை, காலையில் ஊற்றியது பதினொரு மணிக்கெல்லாம் கீழே போய்விடும், மத்தியானம் செடி தலையைத் தொங்கப் போட்டு நிற்கும், பின்னேரம் நீங்கள் பார்க்கும்போது திரும்ப நிமிர்ந்திருக்கும், அதனால் செடி நன்றாகத்தானே நிற்கிறது என்று விட்டுவிடுவீர்கள். அந்தத் தவிப்பில்தான் காயில் உறைப்பு ஏறும், பூவும் கொட்டும். அதே விதையை மழை முடிகிற காலத்தில் பறித்துத் தின்றால் ஒரு ருசி, பங்குனி சித்திரை வெயிலில் பறித்தால் வேறு ருசி, இதைத் தோட்டக்காரர் எல்லாருக்கும் தெரியும்.

மணலுக்கு நான் சொல்லக்கூடியது, ஒரே தடவையில் வாளி வாளியாக ஊற்றாமல் காலையும் பின்னேரமும் பிரித்து ஊற்றுங்கள். செடியின் காலடியில் வைக்கோல் இருந்தால் வைக்கோல், இல்லாவிட்டால் காய்ந்த தென்னோலையைக் கிழித்துப் போட்டு மூடுங்கள், மணல் தெரியக்கூடாது. அடுத்த தடவை நடும்போது குழியை ஆழமாக வெட்டி, அடியில் ஊறவைத்த பொச்சுமட்டையை, அதாவது உரித்த தேங்காய் மட்டையை, கவிழ்க்காமல் நிமிர்த்தி அடுக்கி, அதற்கு மேல் மக்கிய மாட்டெருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி நடுங்கள். பொச்சு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், வேர் தானாக அதைத் தேடிப் போகும். மட்டக்களப்பில் தேங்காய்க்கும் பொச்சுக்கும் பஞ்சமா?

இலை மேல்பக்கமாகச் சுருண்டிருக்கிறதா, கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருக்கிறதா? அதைச் சொன்னால்தான் மருந்து சொல்லலாம்.


விவசாயத் தம்பி:

அக்கா, வந்தாறுமூலையில் விவசாயம் படித்தவன், இப்போது அம்பாறைப் பக்கம் வேலை. மாமி சொன்னதில் ஒரு பாதி சரி. ஆனால் அந்தப் பாதி இந்த வருடக் காய்க்குப் பொருந்தாது.

உறைப்பைத் தருவது கப்சைசின் என்ற பொருள். அது விதையில் உண்டாவதில்லை. காயைப் பிளந்தால் விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சதை இருக்கிறதல்லவா, அதில்தான் உண்டாகிறது, அங்கிருந்து விதையில் ஒட்டுவதால் விதை உறைக்கிறது என்று நினைக்கிறோம். அந்த வெள்ளைச் சதையும் காயின் தோலும் முழுக்கத் தாய்ச் செடியின் உடம்பு. தேனீ கொச்சிக்காய்ப் பூவில் இருந்து மகரந்தம் கொண்டுவந்து கறி மிளகாய்ப் பூவில் போட்டாலும், அந்தக் கலப்பு உள்ளே இருக்கும் விதைக்குள் மட்டும்தான் போகும், காயின் சதைக்குப் போகாது. ஆகவே இந்த வருடம் பக்கத்தில் எது நின்றாலும் இந்த வருடக் காயின் உறைப்பு மாறாது.

மாறுவது அடுத்த வருடம். கறி மிளகாயும் நாங்கள் வழக்கமாகக் கொச்சிக்காய் என்று வைக்கும் பச்சை மிளகாயும் ஒரே இனம், தாவரவியல் பெயர் கப்சிகம் ஆனுவம். எளிதாகக் கலக்கும். உறைப்பைக் கொடுக்கும் மரபணு ஓங்கிய மரபணு, உறைப்பில்லாதது ஒடுங்கியது, இரண்டும் சேர்ந்தால் ஓங்கியதுதான் வெளியே தெரியும். அதனால் தாய் உறைப்பில்லாத கறி மிளகாயாக இருந்து தகப்பன் கொச்சிக்காயாக இருந்தால், அந்த விதையில் முளைக்கும் செடியின் காய் உறைக்கத்தான் செய்யும். உங்கள் அக்கா தந்த விதையில்தான் எனக்குச் சந்தேகம். அவ வளவிலும் போன வருடம் இரண்டும் அருகருகே நின்றிருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு செடியிலும் இரண்டு மூன்று காய் பறித்து, செடி செடியாக வேறு வேறாக வைத்து, நுனியை விட்டுவிட்டுக் காம்புப் பக்கம் உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையில் துளியளவு நாக்கில் வைத்துப் பாருங்கள். நுனியில் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள், அங்கே உறைப்புக் குறைவு. ஒரு செடியில் எல்லாக் காயும் கடுமையாக உறைத்து, பக்கத்துச் செடி சும்மா இருந்தால் அது விதையின் வேலை. எல்லாச் செடியும் ஒரே மாதிரி இலேசாக உறைத்தால் சித்தாண்டி அண்ணன் சொன்ன தண்ணீரும் வெயிலும்தான்.

இன்னொரு சங்கதி. இங்கே கறி மிளகாயாக அதிகம் நடப்படுவது ஹங்கேரியன் யெல்லோ வாக்ஸ், சி.ஏ. 8 என்ற வகைகள். ஹங்கேரியன் யெல்லோ வாக்ஸ் என்ற பெயரில் வெளிநாடுகளில் பல இடத்தில் விற்பது உறைப்பான மிளகாய். எங்கள் ஊரில் வருவது சாந்தமானது என்றாலும் துப்புரவாக உறைப்பில்லாத இனம் இல்லை. அதனால் வெயிலில் கொஞ்சம் காரம் காட்டினால் பயப்பட வேண்டாம்.


நிந்தவூர் சமையல்கட்டு:

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குத் தோட்டம் பெரிதாகத் தெரியாது, சமைக்கத் தெரியும். உறைக்கிற கறி மிளகாயை எறிய வேண்டாம் தங்கச்சி. நெடுக்கே கீறி, உள்ளே இருக்கும் வெள்ளை நரம்பையும் விதையையும் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்துவிட்டு, உப்புப் போட்ட தயிரில் கொஞ்ச நேரம் ஊறவிடுங்கள். எங்கட எருமைத் தயிர் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு தேங்காய்ப் பாலில் வெங்காயமும் மாசியும் போட்டு வெள்ளைக் கறியாக வையுங்கள், முதல் பாலை இறக்கும்போது ஊற்றினால் போதும். பிள்ளைகள் தின்னும். அதற்கும் மிஞ்சி உறைத்தால் கலியாண வீட்டு அச்சாறுக்குப் போடலாம், சின்ன வெங்காயமும் பேரீச்சம்பழமும் சேர்த்து, வினாகிரியில். புரியாணியோடு அதைத் தொட்டுச் சாப்பிட்டால் அந்த உறைப்பே வேண்டும் போல இருக்கும்.

சுரண்டும்போது கையில் பட்டு எரிந்தால் தண்ணீரில் கழுவிக்கொண்டே நிற்க வேண்டாம், தேங்காய் எண்ணெயைப் பூசித் துடைத்துவிட்டுச் சவர்க்காரம் போடுங்கள். கப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும் என்று இங்கே இருக்கிற தம்பிக்கு நன்றாகத் தெரியும்.

தம்பியிடம் ஒரு கேள்வி. மகள் சிவப்பு, மஞ்சள் குடை மிளகாய் கேட்கிறாள், அது கடையில் விற்கிற விலைக்கு வாங்கி முடியாது. வாங்கிய காயின் விதையைப் போட்டேன், செடி வடிவாக வந்தது, பூவும் வந்தது, ஒரு காய் நிற்கவில்லை. என்ன காரணம்?


கல்லடி வளவு:

தம்பி சொன்ன மாதிரியே பார்த்தேன். அக்கா தந்த விதையில் வந்ததில் சில செடி நெருப்பு, எந்தக் காயைத் தொட்டாலும் அப்படித்தான், காயும் கொஞ்சம் ஒல்லியாக, தோல் மெல்லியதாக இருக்கிறது, இதை இவ்வளவு நாள் கவனிக்கவில்லை. அதே விதையில் வந்த மற்றவை பரவாயில்லை. சந்தை நாற்று எல்லாம் ஒரே மாதிரி இலேசான உறைப்பு. அக்காவைத் தொலைபேசியில் கேட்டேன், வேலியோரம் கொச்சிக்காய் நின்றதாம், போன வருடம் அவ காய் உறைக்கவே இல்லையாம். இப்போது விளங்குகிறது.

இலை மேல்பக்கமாகச் சுருண்டிருக்கிறது, ஓடம் மாதிரி. உற்றுப் பார்த்தால் பூவுக்குள்ளும் குருத்திலும் மிகச் சின்னதாக மஞ்சள் நிறத்தில் என்னவோ ஓடுகிறது. ஒரே ஒரு செடி மட்டும் முழுக்கக் குறுகி, இலை எல்லாம் சிறுத்து மஞ்சளாகி, புதர் மாதிரி நிற்கிறது.


சித்தாண்டித் தோட்டம்:

மேலே சுருண்டால் பனிப்பூச்சி. கீழே கவிழ்ந்து சுருண்டு, இலை ஒடுங்கி, காம்பு நீண்டு வந்தால் சிற்றுண்ணி. இரண்டும் வறண்ட வெயிலுக்குத்தான் பெருகும். உங்களுடையது பனிப்பூச்சி.

அந்தக் குறுகிப்போன ஒற்றைச் செடியைப் பார்த்து இரக்கப்பட வேண்டாம், வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். அது வெண் ஈ கொண்டுவரும் இலைச்சுருள் வைரசாக இருக்கும், அதற்கு மருந்தே இல்லை, வைத்திருந்தால் மற்றச் செடிக்கும் போகும்.

மற்றதற்கு, வேப்பங்கொட்டைப் பருப்பு எடுத்து வைத்திருந்தால் 1 லீற்றர் தண்ணீருக்கு 50 கிராம் கணக்கில் இடித்து இரவு ஊறவிட்டு, துணியில் வடித்து, சவர்க்காரத் தண்ணீர் கொஞ்சம் சேர்த்து அடியுங்கள். கொட்டை இல்லாவிட்டால் வேப்பெண்ணெய், லீற்றருக்கு 5 மில்லிலீற்றர், அதையும் சவர்க்காரத்தோடு நன்றாகக் கலக்கினால்தான் தண்ணீரில் சேரும். வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். மேலே மட்டும் அடிப்பது வீண். வாரத்துக்கு ஒரு தடவை தொடர்ந்து செய்யுங்கள், ஒரு நாளில் அதிசயம் நடக்காது. சுருண்ட பழைய இலை விரியாது, புதிய குருத்து நேராக வருகிறதா என்று பாருங்கள், வந்தால் வேலை செய்கிறது. நீலத் தட்டில் ஒட்டும் எண்ணெய் பூசிக் கட்டினால் பனிப்பூச்சி ஒட்டும், மஞ்சளில் வெண் ஈ ஒட்டும்.

யூரியா போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். தழை கூடினால் பூச்சிக்குத்தான் விருந்து, பூவும் குறையும்.


திருக்கோவில்:

எல்லாரும் தண்ணீர் ஊற்றுங்கள் என்று சொல்கிறீர்கள், எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. கடலும் வாவியும் இரண்டு பக்கமும் இருக்கிற கல்லடி மாதிரி இடத்தில், வறட்சி கூடக் கூடக் கிணறு உவர்ப்பாகும். மிளகாய் உப்புத் தாங்காத பயிர். எங்கள் வளவிலும் இதே கதை, ஒழுங்காக ஊற்றியும் இலை ஓரம் கருகி, பூக் கொட்டி, காய் சிறுத்துப் போனது, குழாய்த் தண்ணீருக்கு மாறிய பிறகுதான் நிமிர்ந்தது. தங்கச்சி கிணற்றுத் தண்ணீரை ஒருக்கா வாயில் வைத்துப் பாருங்கள், உப்புத் தெரிந்தால் மிளகாய்க்கு அது வேண்டாம். உரப்பையில் நிற்பதற்கு இன்னும் கவனம், பைக்குள் உப்பு தங்கிப் படியும், அடியில் ஓட்டை போதுமான அளவு இருக்கிறதா பாருங்கள். தும்புச்சோறு, அதாவது தேங்காய்த் தும்புத் தூள், கலந்திருந்தால் அதையும் நல்ல தண்ணீரில் கழுவித்தான் போட வேண்டும், கழுவாத தும்புச்சோற்றிலேயே உப்பு இருக்கும்.

சித்தாண்டி அண்ணனோடு ஒரு விடயத்தில் உடன்பாடில்லை. மணலில் குழி வெட்டிப் பொச்சு அடுக்குவதை விட, ஆற்றங்கரை மண்ணும் கூட்டெருவும் கலந்து உரப்பையில் வைப்பதுதான் கடற்கரைக்காரருக்கு நல்லது. வெயில் ஏறினால் நிழலுக்கு நகர்த்தலாம்.


சித்தாண்டித் தோட்டம்:

பை சூடேறும் தம்பி. கறுத்த பையில் வைத்து மத்தியான வெயிலில் விட்டால் வேர் வெந்துவிடும். நிலத்தில் அந்தப் பிரச்சினை இல்லை. உப்பு விடயம் சரி, அதை நான் யோசிக்க வேண்டிய இடத்தில் நான் இல்லை, எங்கள் கிணறு நல்ல தண்ணீர்.


விவசாயத் தம்பி:

இரண்டு பேரும் சொல்வது சரிதான், வெள்ளை உரப்பையாக இருந்தால் சூடு குறையும், மத்தியானத்துக்கு மேல் மர நிழல் விழுகிற இடமாக இருந்தால் இன்னும் நல்லது.

நிந்தவூர் ராத்தா, உங்கள் குடை மிளகாய் காய்க்காததற்கு எங்கள் இரவுதான் காரணம். பகல் வெயிலைக் கூடச் சமாளிக்கும், ஆனால் இரவு வெப்பம் 24 பாகைக்கு மேல் போனால் பூ கருவாகாமல் விழும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் மாசிக்குப் பிறகு இரவு அதற்குக் கீழே இறங்குவதே அரிது. அதனால்தான் நுவரெலியா, வெலிமடைப் பக்கம் பாதுகாப்புக் கூடாரத்தில் வளர்க்கிறார்கள். கடைக் காய் பெரும்பாலும் கலப்பின விதையில் வந்தது, அதன் விதையைப் போட்டால் தாய் மாதிரியே வரும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஆசையாக இருந்தால் கார்த்திகையில் கூரைக்குக் கீழே தட்டில் நாற்றுப் போட்டு, மார்கழி கடைசி, தை தொடக்கத்தில் நட்டுப் பாருங்கள், குளிர் இருக்கிற அந்தக் கொஞ்ச நாளில் பூத்தால் சில காய் கிடைக்கும். சிவப்பாக வரும்வரை காத்திருந்தால் செடி களைத்துவிடும், பச்சையிலேயே பறித்தால் அடுத்த பூ நிற்கும். மகளிடம் பச்சைக் குடை மிளகாயும் அதே காய்தான், பழுத்தால்தான் நிறம் மாறும் என்று சொல்லுங்கள்.

கல்லடி அக்கா, நெருப்பாக உறைக்கிற செடிகளையும் வைத்திருங்கள், அவற்றைக் கொச்சிக்காய் என்று நினைத்துச் சமைத்தால் முடிந்தது. ஆனால் அவற்றிலிருந்து விதை எடுக்க வேண்டாம். அடுத்த தலைமுறையில் பிரிந்து, சிலது உறைக்கும், சிலது உறைக்காது, எது எது என்று காய்க்கும்வரை தெரியாது. சாந்தமான செடியில் விதை வேண்டுமென்றால், நாளைக்கு விரியப் போகிற வெள்ளை மொட்டை இன்றே மெல்லிய வலைத் துணிப் பையால் மூடிக் கட்டுங்கள். மிளகாய் தன் மகரந்தத்திலேயே கருவாகும், காலையில் கிளையை இலேசாகத் தட்டிவிட்டால் போதும், தேனீ தேவையில்லை. பைக்குள் உண்டாகிற விதை சுத்தமாக இருக்கும்.

கச்சான் காற்று தொடங்க முன்னர் இதைச் செய்யுங்கள். வைகாசி கடந்து அந்தச் சூட்டுக்காற்று அடிக்கத் தொடங்கினால் மூடினாலும் மூடாவிட்டாலும் பூ நிற்காது. கொச்சிக்காய் மட்டும் தண்ணீர் விட்டால் தாக்குப் பிடிக்கும், எம்.ஐ. 2, கே.ஏ. 2 எல்லாம் உலர் வலயத்துக்காகவே தெரிவு செய்த கொச்சிக்காய் வகைகள். விதையோ நோயோ சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள், தமிழிலும் கதைப்பார்கள்.


கல்லடி வளவு:

கிணற்றுத் தண்ணீர் இப்போதைக்கு உப்பில்லை, ஆனால் ஆவணி புரட்டாதியில் கரிக்கும், திருக்கோவில் அண்ணன் சொன்னதை மனதில் வைக்கிறேன். வைரஸ் செடியைப் பிடுங்கி எரித்தாயிற்று. மாமிக்கும் வாசித்துக் காட்டினேன், அடுத்த வருடத்துக்கு என்றால் நான் சொன்னது சரிதானே என்கிறா, அதுவும் சரிதான்.

தம்பி, அந்த வலைப் பையை எப்போது கழற்றுவது? காய் பெருத்தால் நெரியாதா?


விவசாயத் தம்பி:

பூவிதழ் உதிர்ந்து பிஞ்சு தெரிந்ததும் கழற்றிவிடுங்கள் அக்கா, அதற்குப் பிறகு மகரந்தம் உள்ளே போகாது. கழற்றும்போதே அந்தக் காம்பில் ஒரு நிற நூல் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் எது மூடிய காய் என்று மறந்து பறித்துக் கறிக்குப் போட்டுவிடுவார்கள். செடியிலேயே நன்றாகச் சிவக்கவிட்டுப் பறித்து, விதையை எடுத்து நிழலில் காயவையுங்கள், வெயிலில் வேண்டாம். காய்ந்ததும் கடதாசிப் பையில் போட்டு, ஈரம் படாத போத்தலுக்குள் மூடி வைத்தால் கார்த்திகைக்கு நாற்றுப் போடலாம்.